கேட்ட சொல் எங்கே போயிற்று?

(ஞாயிறு வானொலி மறையுரையிலிருந்து)



சென்ற ஞாயிறு வாசிக்கப்பட்ட நற்செய்தி எது? யாராவது திடீரென்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் தயங்காமல் பதில் சொல்வோம்? முதல் வாசகம் நடக்கும்போதுதான் வண்டியை நிறுத்துகிறோம். மறையுரை தொடங்கியதும் சிலர் மரத்தடிக்குப் போய்விடுகிறோம். உள்ளே இருப்பவர்களும் மணி பார்க்கிறோம்.

மறையுரை நீளம் என்று குறை சொல்வது எளிது. புனித பவுல் நள்ளிரவு வரை பேசியபோது, சன்னலில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததைத் திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. மறையுரை பத்து நிமிடங்களைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018 பிப்ரவரியில் தமது புதன் மறைக்கல்வியில் அறிவுறுத்தினார். அதே உரையில், கேட்பவர்களுக்கும் கடமை உண்டு என்றார். முதல் பாதி மட்டும் நமக்கு நினைவிருக்கிறது!

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் தண்ணீர் வாயில் முன்பாக எஸ்ரா திருச்சட்ட நூலைக் காலை முதல் நண்பகல் வரை வாசிக்கிறார். ஆண், பெண், புரிந்துகொள்ளக்கூடிய எல்லாரும் கூடி நிற்கிறார்கள். லேவியர் பொருள் விளக்குகிறார்கள். மக்கள் அழுகிறார்கள். அதோடு முடியவில்லை. உணவு இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொல்லியே அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கேட்டல், புரிதல், மனம் கலங்குதல், பகிர்தல் என்ற நான்கும் சேர்ந்ததுதான் விவிலியம் சொல்லும் ‘கேட்டல்’.

இப்படிக் கேட்ட ஒருவர் நம் மண்ணுக்கு அருகிலேயே வாழ்ந்தார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, கால்நடைகளையும் பொருளையும் இழந்து மனம் சோர்ந்திருந்தார். படைத்தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். கோயில் இல்லை, பீடம் இல்லை. ஒரு நண்பர் சொல்ல, துன்பத்தில் இருந்தவர் கேட்டார். அவ்வளவுதான். கேட்ட சொல் அவரை விடவில்லை. 1745இல் நமது மாவட்டத்து வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1752இல் காற்றாடிமலையில் உயிரையே கொடுத்தார். 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது.

அதே வடக்கன்குளம் இன்னொன்றையும் நமக்குச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோயில், சாதி வாரியாக மக்கள் பிரிந்து அமரும்படி இரு பகுதிகளாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, நற்செய்தி ஒன்று, நடுவே சுவர். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். இரு பக்கமும் ஒரே நற்செய்தியைத்தான் ஞாயிறுதோறும் கேட்டார்கள். காதில் விழுந்தது, சுவரைத் தாண்டவில்லை.

அவர்களைக் குறை கூறுமுன் நம்மைக் கேட்போம். நம் உள்ளத்தில் எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது? பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பா? சமாதானம் சொல்லும்போது நாம் திரும்பிப் பார்க்காத அந்த ஒருவரா?

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயில் தண்ணீர் விட்டாலும், வாய்க்காலில் அமலைச் செடி அடைத்துக் கிடந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் போகும். குறை ஆற்றில் இல்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்று, விதைப்பவர் உவமையைச் சொன்ன ஆண்டவர் எச்சரிப்பதும் இதைத்தான்.

எனவே மூன்று செயல்கள். சனி இரவு ஞாயிறு நற்செய்தியை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். கோயிலுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, கைப்பேசியை அணைத்து அமைதியாக அமர்வோம். மதிய உணவின்போது, ‘இன்று உனக்கு எந்தச் சொல் கிடைத்தது?’ என்று பிள்ளைகளைக் கேட்போம், நாமும் சொல்வோம். அந்தச் சொல் வாரத்துக்குள் ஒரு செயலாகட்டும்.

ஆண்டவரே, எங்கள் செவிகளைத் திறந்தருளும். நாங்கள் கட்டிய சுவர்களையும் இடித்தருளும். ஆமென்.