பாபநாசக் கரையிலிருந்து ஆழிமலை வரை

பாபநாசம் என்றதும் தமிழ்நாட்டு அன்பர்களின் நினைவுக்கு வருபவை இரண்டு தலங்கள்: ஒன்று பொருநைக் கரையில், மற்றொன்று தஞ்சைத் தரணியில். மூன்றாவது பாபநாசம் ஒன்று கேரளக் கடற்கரையில், வர்க்கலையில் இருக்கிறது. அங்கே தீர்த்தம் கடல். கரை, செங்குத்தாக எழுந்து நிற்கும் செந்நிறக் குன்று. அதிகாலையில் அங்கு தொடங்கி, மீனவர் ஊர்கள் வழியே தெற்கே இறங்கி, மாலையில் ஆழிமலையில் சிவபெருமானைத் தரிசித்து முடிக்கும்படி ஒரு நாள் யாத்திரையை அமைத்துக்கொள்ளலாம்.

வர்க்கலைக்குப் பெயர் வந்த கதை சுவையானது. நாரதரைப் பின்தொடர்ந்து பிரம்மலோகம் வரை வந்த திருமால், பிரம்மதேவர் வணங்கிய கணத்தில் மறைந்துவிட்டார். தந்தை தம் மகனையே வணங்கியதாகத் தோன்றவே, பிரஜாபதிகள் ஒன்பதின்மரும் நகைத்தனர். பூவுலகில் பிறக்கும்படி சாபமும் பெற்றனர். பாவம் நீங்க வழி கேட்ட அவர்களுக்கு இடம் காட்டுவதற்காக நாரதர் தமது வற்கலையை, அதாவது மரவுரியை, வீசி எறிந்தார். அது விழுந்த இடமே வர்க்கலை. அவர்கள் தவமிருந்து பாவம் தீர்ந்த கரையே பாபநாசம்.

இன்றும் நாள்தோறும் காலையில் இக்கரையில் நீத்தார் கடன் நடைபெறுகிறது. ஈர வேட்டியுடன் மணலில் அமர்ந்து, எள்ளும் தர்ப்பையும் சோற்று உருண்டையும் கொண்டு பலியிட்டு, இலையோடு தலையில் ஏந்திச் சென்று கடலில் விடுகின்றனர். நம்முடைய ஆடி அமாவாசை அங்கே கர்க்கடக வாவு. அன்று விடியற்காலையிலேயே கரை முழுவதும் மனிதத் தலைகளாகத்தான் இருக்கும். கூட்டத்திற்கு அஞ்சுபவர்கள் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

கடலாடியபின் ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் படியேற வேண்டும். பெருமாள் நான்கு திருக்கரங்களுடன் நின்ற கோலத்தில் சேவை சாதிக்கிறார். வலக்கரம் ஒன்று ஆசமனம் செய்வதுபோல் திருவாயை நோக்கி உயர்ந்திருக்கிறது. அக்கரம் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே வருகிறது என்றும், திருவாயைத் தொடும் நாளில் உலகம் முடிவுறும் என்றும் இவ்வூர் மக்கள் சொல்வார்கள். கோயிலில் உள்ள பழைய மணி ஒன்று, கடலில் தவித்த டச்சுக் கப்பலின் தலைவர் கரை கண்டபின் அளித்த காணிக்கை எனக் கூறப்படுகிறது. பிறநாட்டு மாலுமிக்கும் ஆபத்தில் இக்குன்றின்மேல் இருந்த தெய்வமே கண்ணில் பட்டது போலும். கேரள முறைப்படி ஆடவர் மேலாடையின்றிச் செல்ல வேண்டும். நண்பகலில் நடை சாத்தப்படும்.

குன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் அதன் உச்சியிலுள்ள கடைவீதியைப் பார்க்கின்றனரே தவிர, குன்றைப் பார்ப்பதில்லை. மேலே செம்புறாங்கல், அதன்கீழ் மணற்கல், இடையிடையே களிமண் பட்டைகள். மழைநீர் மேலடுக்குகளின் வழியே இறங்கி, களிமண்ணைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. உப்புக் கடலின் ஓரத்தில், பாறையிலிருந்து நன்னீர் வடிவதன் காரணம் இதுதான். ஆனால் அதே நீர் களிமண்ணை இளக்கி வழுக்கவும் செய்கிறது. அடியில் அலை அரிக்க, மேலிருக்கும் பாறை பிளந்து சரிகிறது. ஊற்றைத் தருவதும் குன்றைச் சரிப்பதும் ஒரே நீர்தான்.

இத்தகைய அடுக்குகளுக்குப் புவியியலாளர் வர்க்கலையின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இக்குன்றைத் தேசியப் புவிமரபுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இருந்தும், உச்சியின் விளிம்பு வரை கட்டடங்கள் நெருங்கிவிட்டன. அவற்றின் பாரமும் கழிவுநீரும் குன்றுக்கு நல்லதல்ல. 2024 ஜூன் மாதம், பலி மண்டபத்தைச் சரிவிலிருந்து காப்பதாகச் சொல்லிக் குன்றின் ஒரு பகுதியை இயந்திரத்தால் வெட்டி எடுத்தனர். புவியியலாளர்கள் எதிர்த்தனர், பணி நின்றது. மண்டபம் காக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்டபத்தை வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாம். குன்றை யாராலும் கட்ட இயலாது. மழைக்காலத்தில் தர்ப்பணத்திற்கு வருவோர் குன்றின் அடியை ஒட்டி அமராமல், சற்று விலகி மணலில் அமர்வதே பாதுகாப்பு.

இக்குன்று ஒரு காலத்தில் பயணத்திற்குத் தடையாகவும் நின்றது. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லத்திற்குக் காயல் வழியே செல்லும் படகுகளை வர்க்கலையில் மறித்தது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் காலத்தில், 1867-இல், குன்றைக் குடைந்து கால்வாய் வெட்டும் வேலை தொடங்கியது. ஊரினுள் ஸ்ரீ நாராயண குரு 1928-இல் சமாதியடைந்த சிவகிரி உள்ளது. நேரமிருப்பின் அவசியம் தரிசிக்க வேண்டிய இடம்.

வர்க்கலையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் அஞ்சுதெங்கு. ஐந்து தென்னை என்பதே பெயரின் பொருள். ஆற்றிங்கல் ராணியின் அனுமதி பெற்று ஆங்கிலேயக் கம்பெனியார் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய கோட்டை இங்கே நிற்கிறது. 1721-இல் ராணிக்குப் பரிசுப் பொருள்களுடன் சென்ற கம்பெனியார் சுமார் 140 பேரை, அவர்களுடைய அடாவடி பொறுக்காத மக்கள் கொன்றனர். பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முன்பு நடந்த இந்த எழுச்சிக்குப் பாடநூல்களில் உரிய இடம் கிடைக்கவில்லை. அருகிலுள்ள காயிக்கரை, குருவின் சீடரான மகாகவி குமாரன் ஆசான் 1873-இல் பிறந்த ஊர்.

இங்கு குன்று இல்லை. கடலுக்கும் காயலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சாலையோரம் வலை உலர்த்தியிருப்பார்கள். வாகனத்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். தெற்கே வாமனபுரம் ஆறு கடலில் கலக்கும் பொழிமுகம் முதலப்பொழி. மீன்பிடித் துறைமுகத்திற்காக வாயின் இருபுறமும் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. கரையோரமாக நகரும் மணல் சுவரில் தேங்கித் தெற்கே பெருமாதுறையில் கடற்கரை அகன்றது. வடக்கே அஞ்சுதெங்குப் பக்கம் கரை அரித்து வீடுகள் போயின. வாயிலிலும் மணல் மேடிட்டு, அலை அங்கே உயர்ந்து எழுந்து படகுகளைக் கவிழ்க்கிறது. துறைமுகம் கேட்டுப் பெற்ற மீனவர்களில் பலர் அதன் வாயிலிலேயே உயிரிழந்துள்ளனர். மணலை அள்ளுவதும் அது மீண்டும் சேர்வதுமாக ஆண்டுகள் கழிகின்றன. பாலத்தின்மேல் நின்று பார்த்தால், படகோட்டி ஒருவர் அலையின் ஏற்றத்தைக் கணித்து, காத்திருந்து, சட்டென்று உள்ளே நுழையும் காட்சியைக் காணலாம். காண்பவர் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளும்.

திருவனந்தபுரத்தைக் கடந்து விழிஞம் வந்தால் நிலமே மாறிவிடுகிறது. வர்க்கலையின் இளகிய மண்பாறை இங்கில்லை. மிகப் பழமையான கரும்பாறை கடலில் இறங்கி நிற்கிறது. கரையருகிலேயே கடல் ஆழமானதால்தான் ஆய் மன்னர்கள் இங்கே துறை அமைத்தனர். பாண்டியர், சோழர் செப்பேடுகள் இவ்வூரைக் குறிப்பிடுகின்றன. 2025 மே 2 அன்று பன்னாட்டுத் துறைமுகமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஊருக்குள் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரின் இருபுறமும் திரிபுராந்தகரும், உமையுடன் ஆடும் சிவபெருமானும் முற்றுப்பெறாத புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர். சிற்பி உளியை ஏன் பாதியில் கீழே வைத்தாரோ! பெரிய துறைமுகத்தைக் காண வருவோரில் இங்கே நுழைபவர் மிகச் சிலரே.

விழிஞத்திற்குத் தெற்கே, கடலை ஒட்டிய பாறை மேட்டில் ஆழிமலை சிவன் கோயில். இங்கே 58 அடி உயரத்தில் கங்காதரேசுவரர் திருவுருவம், விரிந்த சடையில் கங்கையைத் தாங்கி அமர்ந்திருக்கிறது. மாலை வெயில் கடலிலிருந்து நேரே திருமேனியில் படும் நேரமே தரிசனத்திற்குச் சிறந்தது. கீழே தெரியும் பாறைகளுக்குப் படம் எடுக்க இறங்குவது கூடாது. ஈரப்பாறை வழுக்கும், எதிர்பாராத அலை இழுத்துவிடும். தீபாராதனை முடிந்து வெளியே வரும்போது, இரவு மீன்பிடிக்கச் செல்லும் படகுகளின் விளக்குகள் விழிஞத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கடலில் தெரியத் தொடங்கியிருக்கும். நாகர்கோவில் வழியே வருவோர் வர்க்கலை சென்று முதல் நாள் இரவே தங்கிவிட்டால், திரும்பும் வழியில் ஆழிமலை இறுதியாக அமையும்.