ஒரே லைசென்ஸ்... 40 மாநிலங்களில் நர்ஸ் வேலை! அமெரிக்காவின் 'காம்பாக்ட்' யாருக்குக் கிடைக்கும்?

சென்னையில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வெச்சு பெங்களூரு, மும்பைனு எங்கே வேணும்னாலும் வண்டி ஓட்டலாம். நர்ஸிங் அப்படியில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நர்ஸிங் போர்டு. பக்கத்து மாநிலத்தில் வேலை கிடைத்தால்கூட மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

இந்தத் தலைவலியைக் குறைக்க வந்ததுதான் 'நர்ஸ் லைசென்ஷர் காம்பாக்ட்' என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். 2018 ஜனவரியில் புது விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. இன்று சுமார் 40 மாநிலங்கள் இதில் இருக்கின்றன. டெக்சாஸ், ஃபுளோரிடா எல்லாம் உள்ளே. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் வெளியே!

சரி, யாருக்குக் கிடைக்கும்? நீங்க எங்கே வேலை பார்க்கறீங்கனு யாரும் கேட்க மாட்டாங்க. எங்கே குடியிருக்கீங்கன்னுதான் கேட்பாங்க. ஒப்பந்தத்தில் உள்ள மாநிலம் ஒன்றில் நிரந்தர முகவரி வேண்டும். டிரைவிங் லைசென்ஸ், வருமான வரிக் கணக்கு போன்றவைதான் அதற்கு ஆதாரம். கைரேகை எடுத்து குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் கட்டாயம்.

நம்ம ஊர் நர்ஸ்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அமெரிக்க லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஆனா, இங்கே இருக்கும்போது அமெரிக்க முகவரியும் இருக்காது, அந்த நம்பரும் இருக்காது. அதனால், நம்பர் இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்கும் நியூயார்க் போன்ற மாநிலம் வழியாகப் பலர் போகிறார்கள். தப்பில்லை. ஆனா, கையில் கிடைப்பது ஒரு மாநில லைசென்ஸ் மட்டுமே. 'பாஸ் பண்ணா போதும், 40 மாநிலத்திலும் வேலை'னு ஏஜென்ட் யாராவது சொன்னா, நம்பி கையெழுத்துப் போடாதீங்க. அங்கே போய், ஒப்பந்த மாநிலத்தில் குடியேறி, நம்பர் வாங்கிய பிறகுதான் பல மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். நல்ல விஷயம், என்கிளெக்ஸை மறுபடி எழுத வேண்டாம். 'எண்டார்ஸ்மென்ட்' முறையில் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கியாச்சுன்னா அதோட முடிஞ்சதா? இல்லை. ஒரு ஒப்பந்த மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறினால், 60 நாள்களுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்கணும். 2024 முதல் இருக்கும் விதி இது. ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலத்துக்குக் குடிபோனால் பல மாநில உரிமையே போய்விடும்.

இன்னொன்று, போனில் ஆலோசனை சொல்வதும் வேலைதான். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்காரோ, அந்த மாநிலத்தில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கணும். டெக்சாஸில் வீட்டிலிருந்தபடி கலிஃபோர்னியா நோயாளியிடம் பேசுபவருக்கு, கலிஃபோர்னியா லைசென்ஸ் தனியாக வேண்டும்.

உங்க லைசென்ஸ் ஒரு மாநிலத்துக்கானதா, பல மாநிலத்துக்கானதா என்பதை 'நர்சிஸ்' இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.