உத்தரவாத அட்டையும் மூன்று மாதக் கணக்கும்

விலையுயர்ந்த விளையாட்டுக் கருவி ஒன்று உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகிவிட்டால், அதை வாங்கியவருக்கு இரண்டு வெவ்வேறு உரிமைகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று, கடைகளில் வொறண்டி காட் என்று சொல்லப்படும் உத்தரவாத அட்டையில் உற்பத்தியாளரோ முகவரோ தாமாக முன்வந்து எழுதித் தரும் வாக்குறுதி. மற்றையது, அந்த அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்பனை நடந்த அக்கணமே விற்றவர் மீது சட்டம் சுமத்தும் பொறுப்பு. இலங்கையில், ஸ்பிரிங்வெளியிலிருந்தும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பதுளை டவுனுக்கு இறங்கி வந்து துடுப்பு மட்டையோ ஓட்டச் சப்பாத்தோ சைக்கிளோ வாங்குகிறவர் முதலாவதை மட்டுமே தம் உரிமை என்று எண்ணிக் காத்திருந்தால், இரண்டாவதன் மிக வலுவான வழி அவருக்குத் தெரியாமலே அடைபட்டுப் போகும்.

இழப்பின் அளவு சிறியதன்று. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்த வீதத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், அதாவது வேலை பதிவானாலும், மொத்தச் சம்பளம் 33,750 ரூபாய்தான். கடினப் பந்து ஆட்டத்துக்குரிய ஆங்கில வில்லோ மட்டை பல பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் நிலையில், அப்படியொரு மட்டை என்பது ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளமாகவோ, ஒரு விளையாட்டுக் கழகத்தின் அங்கத்தவர்கள் கைக்காசு சேர்த்து உண்டாக்கிய பொதுச் சொத்தாகவோதான் இருக்க முடியும்.

மட்டை ஏன் பழுதாகிறது என்பதை அறியாமல் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்க இயலாது. அதன் பலகைப் பகுதி எடை குறைந்த, நார் நெகிழ்வுள்ள வில்லோ மரத்தால் ஆனது. பிரம்புகளை ஒட்டி, இடையே ரப்பர் வைத்துச் செய்யப்படும் பிடி, பலகையின் மேற்பகுதியில் ஆப்பு வடிவில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் செருகிப் பசையிடப்படுகிறது. புதிய மட்டையின் முகத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் பல மணி நேரம் மெல்லத் தட்டி நார்களை இறுக்கிய பின்னரே அது கடினப் பந்தைத் தாங்கும். ஈரத் தரையில் ஊன்றி ஆடினால் அடிமுனை நீரை உறிஞ்சி வீங்கும். பதுளை அமைந்துள்ள ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் அதே மரம் ஈரம் இழந்து வெடிக்கக்கூடும். ஆகவே விளிம்பில் தோன்றும் மயிரிழைக் கீறலையும் வீங்கிய அடிமுனையையும் பாவனையால் வந்தவை என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒழுங்காகத் தட்டிப் பதப்படுத்திய மட்டையின் பிடி சில வாரங்களிலேயே பொருத்துவாயில் ஆடத் தொடங்கினால், அல்லது பிரம்புப் பட்டைகள் பசை விட்டுப் பிரிந்தால், பட்டறையில் நேர்ந்த குறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழுது எந்த இடத்தில் தோன்றியது என்பதே இவ்விடயத்தில் முதற் சான்று. அந்த இடத்தை அன்றே படம் பிடித்து வைப்பது நீண்ட வாக்குவாதத்தைவிடப் பயன் தரும்.

சட்டப் பொறுப்பின் வேர் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அது 1893இன் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. வாங்குபவர் பொருளின் நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கும்போது, அப்பொருள் அந்நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்பது உட்கிடை நிபந்தனை, அதாவது எழுதப்படாமலே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கும் நிபந்தனை. “கடினப் பந்துக்கு வேண்டும்” என்று கடையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை இதனாலேயே பெறுமதி பெறுகிறது. மென்பந்து மட்டையைக் கடினப் பந்துக்கு ஏற்றதென்று விற்றவர், அது பிளந்த பின்னர் பிழையான பாவனை என்று கைகழுவ முடியாது. வியாபாரப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் பொருளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு உண்டு. எனினும் 1925இன் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் வெளியான, புகாட்டி மோட்டார் வாகனம் தொடர்பான வழக்கில், வாங்கியவர் தம் தேவையைச் சொல்ல, விற்றவர் அந்த வாகனத்தைப் பரிந்துரைத்திருந்ததால், பெயர் சொல்லப்பட்டதனால் மட்டும் பாதுகாப்பு போய்விடாது என்று ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“நாங்கள் செய்த சாமான் இல்லை, கம்பனியைக் கேளுங்கள்” என்ற பதிலும் இச்சட்டத்தின் முன் நிற்காது. 1960இன் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு வழக்கில், 6 வயதுச் சிறுவன் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கெட்டப்போல் (உண்டிவில்) அவன் கையிலேயே உடைந்து அவனது இடது கண்ணைப் பறித்தது. கடைக்காரர் அதை உற்பத்தி செய்தவர் அல்லர். ஆயினும் பொருள் தன் நோக்கத்துக்கு ஏற்றதாகவோ விற்பனைக்குரிய தரத்திலோ இல்லை என்பதற்காக அவரே பொறுப்பாளியாக்கப்பட்டார். ஒப்பந்தம் விற்றவரோடுதான், அவர் தமக்கு விநியோகித்தவரிடம் கேட்டுப் பெறுவது வேறு கணக்கு.

இப்பொறுப்பைச் செலவில்லாமல் கேட்டுப் பெற வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அதன் 13ஆம் பிரிவு அதிகார சபைக்கு இடமளிக்கிறது. முறைப்பாடு மெய்ப்பிக்கப்பட்டால் நட்டஈடு செலுத்தவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு காலவரையறை இருக்கிறது: முறைப்பாடு, பொருள் விற்கப்பட்டதிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். கணக்கு தொடங்குவது பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்பனை நடந்த நாளிலிருந்து. ஜூலை முதலாந் திகதி வாங்கிய மட்டை செப்டம்பர் முதல் வாரத்தில் பிடி தளர்ந்து கடைக்குத் திரும்பினால், “கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்” என்ற ஒரே தவணையில் அந்தக் காலம் முடிந்துவிடும்; அட்டையில் 6 மாதம் என்றோ ஒரு வருடம் என்றோ அச்சிட்டிருப்பது அதை நீட்டாது. வேலை நாளை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து டவுனுக்கு வர வேண்டிய தோட்டத்து மக்களை இந்த ஏற்பாடு மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் தருகிறது. உத்தரவாதக் காலத்தைவிட முறைப்பாட்டுக் காலம் குறுகியிருப்பது நியாயமற்றது. பழுது வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிடும்படி இலங்கைச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

திருத்தம் வரும்வரை, கடைக்காரர் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னாலும், அவரோடு பகை கொள்ளாமலே, அதிகார சபைக்கு ஒரு கடிதத்தை உரிய காலத்துக்குள் அனுப்பிவிடலாம். பொருளின் பெயர், வாங்கிய திகதி, விலை, சொல்லப்பட்ட நோக்கம், பழுதின் இடம், கடைக்குத் திருப்பிக் கொடுத்த நாள், கேட்கும் பரிகாரம் ஆகியவற்றோடு பற்றுச்சீட்டின் பிரதியும் அதில் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அதிகாரிகளோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கடை கட்டளைக்கு இணங்காவிட்டால், உரிய தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம், தண்டப்பணம் அறவிடப்படும் முறையிலேயே அறவிடலாம்.

3 மாதம் கடந்தவர்களுக்கு 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மூடப்படுவதில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுதப்படாத ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 3 ஆண்டுகள் உண்டு. மட்டை ஒன்றுக்காகச் சிவில் வழக்காடுவது பெரும்பாலும் கட்டுபடியாகாது என்றாலும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையின் முன் சட்டத்தரணி இல்லாமலே பிணக்கைக் கொண்டு செல்லலாம். அங்கே கடைக்காரரும் கழகத்தவரும் எதிரெதிரே அமர்ந்து, பழுதுபட்ட மட்டையை மேசை மீது வைத்துப் பேசித் தீர்க்க இடமுண்டு.