ஏர்கன்னுக்கு எந்த எண்ணெய்?

ஆனைமலைப் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. துருவேறிய கீல், இறுகிய பூட்டு என்று எதற்கும் கை முதலில் அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். ஏர்கன்னுக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டி நிற்பது போலவே டிரிகரின் சின்ன ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் நிற்கும். நாள்பட்டால் சிக்கடித்துப் பிசுக்காகும். அதில் ஊறும் அமிலம் ஈய ரவையை அரிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, எண்ணெய் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கியில் டிரிகரை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து, எதிரே உள்ள காற்றைக் கண் இமைப்பதற்குள் நசுக்குகிறது. நசுங்கும் காற்று பல நூறு டிகிரி சூடேறும். அங்கே தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ தேங்கியிருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோலத் தானாகவே தீப்பிடிக்கும். வழக்கத்தைவிடப் பெரிய வெடிச் சத்தம், குழல் வாயில் புகை, கருகிய வாடை: இவைதான் அறிகுறிகள். ‘ஆயில் விட்டதும் வண்டி நல்லா அடிக்குது’ என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடுதல் அடி வாஷரையும் ஸ்பிரிங்கையும் தின்றுதான் வருகிறது.

ஆகவே பிஸ்டனுக்கு எதிரே உள்ள அந்தக் காற்றறைக்குள் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே போகலாம். அது எளிதில் பற்றாது. அதுவும் எப்போதாவது ஒரு சொட்டு. பழைய துப்பாக்கிகளின் தோல் வாஷர் காய்ந்தால் காற்றைப் பிடிக்காது, ஆகவே அதற்கு அவ்வப்போது ஈரம் தேவை. இப்போது வரும் பிளாஸ்டிக் வாஷருக்கு அநேகமாக எதுவும் தேவையில்லை. இரும்போடு இரும்பு உரசும் இடங்களில் சிலிக்கான் நிற்காது. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனின் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். தையல் மெஷின் எண்ணெய்க்கும் வேலை உண்டு: குழல் மடங்கும் கீலும் வெளிப்புற இரும்பும்தான் அதன் இடம்.

சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் பிசிபி துப்பாக்கியில் இன்னும் கண்டிப்பு தேவை. அதில் 200 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கிறது. ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய எண்ணெய் துளியும் அந்தக் காற்றுப் பாதையில் படக் கூடாது. படவிட்டால் வெடிக்கவே கூடும்.

ரவைக்கு? ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் உலர்ந்தே போடுங்கள். ஈயம் மென்மையானது, அந்த வேகத்தில் தானே வழுக்கிப் போகும். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கலந்துகொள்ளும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அந்த நுணுக்கத்தில் ஒரு ரவையில் எண்ணெய் கூடி, அடுத்ததில் குறைந்தால் குறி சிதறும். வேகம் அதிகமான பிசிபியில் குழலுக்குள் ஈயம் அப்பினால் மட்டும், டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு ரவைகளை அதில் உருட்டி எடுக்கலாம். கையில் ஒட்டினால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம்.

ஆடி மழையில் குழல் துருப்பிடிக்கும் என்ற கவலை நியாயமானதே. பஞ்சுத் துணியில் லேசாக எண்ணெய் தொட்டு உள்ளே இழுத்து விடுங்கள். சுடும் முன் உலர்ந்த துணியால் மறக்காமல் துடைத்தெடுங்கள். துடைத்தபின் முதல் சில ரவைகள் தள்ளிப் போய் விழும். குழல் பழையபடி படிந்ததும் சரியாகிவிடும்.

4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதற்காகத் தோப்புக்கு வரும் மயிலையும் கிளியையும் சுட்டுவிட முடியாது. வனவிலங்குச் சட்டம் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போவதும் அப்படித்தான்.

லோடு செய்ய வசதி என்று ரவையை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் பையன்களிடம் உண்டு. எண்ணெய் பூசியதோ பூசாததோ, அது ஈயம். உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். ரவையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும்.