தீர்ப்பு நகலும் நாள் கணக்கும்: மேல்முறையீட்டுக்குத் தில்லி வருவோர் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: உச்ச நீதிமன்ற வளாகத்தையொட்டிய பகவான் தாஸ் சாலையில், கையில் துணிப்பையுடன் வழக்கறிஞர் அலுவலகம் தேடி நிற்போரைப் பெரும்பாலான நாள்களில் காணலாம். மகனுக்கோ கணவருக்கோ விதிக்கப்பட்ட தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கும். இனி தில்லிதான் கதி என்று எவரோ கூற, ரயிலேறி வந்தவர்கள். வழக்கின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். எதிரே அமர்ந்திருக்கும் வழக்கறிஞரோ, "தீர்ப்பு நகல் எங்கே?" என்பார். பையில் இருப்பது செய்தித்தாள் நறுக்கும் ஊர் வழக்கறிஞரின் முகவரிச் சீட்டும் மட்டுமே என்றால், அந்தப் பயணத்தால் பயனில்லை.

நடந்தது என்ன என்பதைக் கேட்டறியும் இடம் விசாரணை நீதிமன்றம். மேல்முறையீட்டில் பொதுவாகப் புதிய சாட்சிகள் கிடையாது. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை நீதிபதி சரியாக எடை போட்டாரா, சட்டத்தைச் சரியாகப் பொருத்தினாரா என்பதே கேள்வி. எனவே, ஆவணம் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் நேர்மையான கருத்துக் கூற இயலாது. ஆவணத்தைப் பார்க்காமலேயே "விடுதலை நிச்சயம்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இது சிலருடைய பிரச்னை அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் தண்டனைக் கைதிகள் மட்டும் 1,33,415 பேர்.

நாள் கணக்கு: 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள்கள், அமர்வு நீதிமன்றம் போன்ற பிற நீதிமன்றங்களில் 30 நாள்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாள்களே. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்யப் பொதுவாக 90 நாள்கள் அவகாசம் உண்டு.

சான்றிட்ட நகல் தயாராக எடுத்துக்கொள்ளப்படும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால், நகல் கோரி விண்ணப்பிக்காமல் கழித்த நாள்கள் சேரும். பலர் கோட்டை விடுவது இங்குதான். நகலில் குறிக்கப்படும் தேதிகளை, குறிப்பாக விண்ணப்பித்த நாளையும் நகல் தயாரான நாளையும், வழக்கறிஞர் முதலில் பார்ப்பது இதற்காகவே. கெடு கடந்துவிட்டாலும் கதவு அடைபட்டுவிடாது. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால், அதற்கான காரணத்தை ஆதாரத்துடன் விளக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, சிறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் என்று எதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களுக்கு அப்போது வேலை எளிது.

சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாக, இலவசமாக வழங்க வேண்டும் என்பது சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆவது பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. இணையதளத்தில் கிடைக்கும் தீர்ப்பும் வழக்கறிஞர் படித்துப் பார்க்க உதவும். எனினும், சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

கட்டில் இருக்க வேண்டியவை: இரு நீதிமன்றத் தீர்ப்புகளுடன் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் குறுக்கு விசாரணையோடு, குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிபதியின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள், கொலை வழக்கு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை தேவை. இவற்றில் பெரும்பகுதி ஊரில் வழக்கு நடத்திய வழக்கறிஞரின் கோப்பிலேயே இருக்கும். அவருடன் மனக்கசப்பு இருந்தாலும், கோப்பைப் பெறாமல் தில்லிக்குக் கிளம்புவது அறிவுடைமை ஆகாது. வாக்குமூலங்கள் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். "பார்த்தேன்" என்பதற்கும் "பார்த்ததாகச் சொன்னார்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்தால், ஒருவரது ஆயுளே மாறக்கூடும்.

சிறை நிர்வாகத்திடம் பெற வேண்டிய காவல் சான்றிதழும் முக்கியமானது. இதுவரை எத்தனை நாள்கள் சிறையில் கழிந்தன என்பதைக் காட்டும் தாள் அது. மேல்முறையீட்டை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாதபோது, தக்க காரணம் இல்லாமல் கைதிக்கு ஜாமீன் மறுக்கக் கூடாது என்று 1977-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவுக்கு இந்தச் சான்றிதழே அடித்தளம். ஜாமீனில் இருந்தபோது தண்டனை உறுதியானவர் என்றால், சரணடைந்ததற்கான ஆதாரமோ அதிலிருந்து விலக்குக் கோரும் மனுவோ இல்லாமல் உச்ச நீதிமன்றத்தில் மனு நகராது.

பணம் இல்லாதவர்கள் தில்லிக்கு வரவேண்டிய தேவையே இல்லை. சிறையில் இருப்பவர் தமது மேல்முறையீட்டைச் சிறை அதிகாரி மூலமாகவே அனுப்பலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு வழியாக உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு ஆவணங்கள் செல்லும். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இலவச வழக்கறிஞர் என்றால் பெயரளவுக்குத்தானே என்ற சந்தேகம் மக்களிடம் உண்டு; அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில், குற்றச்சாட்டு பதிவான அதே நாளில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞரைக் கொண்டு நடந்த வழக்கில், இரு வாரங்களுக்குள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், இத்தகைய கடும் வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞருக்குத் தயாராகக் குறைந்தது ஏழு நாள்களாவது தர வேண்டும் என்றது.

கட்டணம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்துவோர், உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யும் தகுதி 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' எனப்படும் வழக்கறிஞர்களுக்கே உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். தாக்கல் செய்பவர் யார், வாதாடுபவர் யார், கட்டணம் எந்தக் கட்டம் வரை என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: தண்டனை கூடிவிடும் அபாயம் இருக்கிறதா? அரசும் மேல்முறையீடு செய்ய முடியும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

சௌராஷ்டிரப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தின் போலி முத்திரை தயாரிக்க முயன்ற வழக்கில் அமர்வு நீதிமன்றம் அவருக்கு விதித்தது ஒரு நாள் தண்டனையே. 1973 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டுகளாக உயர்த்தியது. உச்ச நீதிமன்றத்துக்கு அவர் வந்தது நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. தீர்ப்பு நகல் 1978-இல்தான் கைக்குக் கிடைத்தது என்றார். முன்பே கொடுத்ததாகவும், ஆளுநருக்கான கருணை மனுவுடன் அனுப்ப அதைத் திரும்பப் பெற்றதாகவும் சிறை நிர்வாகம் கூறியது. கொடுத்ததற்குக் கைதியின் கையொப்பம் எதுவும் இல்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பு, நகலைக் காலத்தோடு கொடுத்துக் கைதியிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்றும், ஏழைக் கைதிக்கு மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரை அரசே தர வேண்டும் என்றும் விதித்தது. ஆசிரியரின் மனு மட்டும் தள்ளுபடியானது. மூன்று ஆண்டுத் தண்டனையை அதற்குள் அவர் முழுமையாக அனுபவித்து முடித்திருந்தார்.