வல்லூறைக் கண்டதும் உண்டிவில்லைத் தேடாதீர்கள்

பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் கம்பிவலை அடித்த கொட்டகைக்குள் பறவைகள் எளிதில் நுழைய முடியாது. வாசலில் மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து. இரண்டு குஞ்சு காணாமல் போனதும் உண்டிவில்லை எடுக்கிறோம். மரத்திலுள்ள கூட்டைக் கலைக்கிறோம். அதற்கு முன், தூக்கியது எது என்று கவனியுங்கள்.

வானில் வட்டமடித்து இறங்கினால், வால் நுனி பிளந்திருந்தால், அது கரும்பருந்து. காகமும் குஞ்சைத் தூக்கும். வைரி என்றும் சொல்லப்படும் வல்லூறு புறா அளவே இருக்கும். முதுகு சாம்பல் நிறம். நெஞ்சில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். வளர்ந்த ஆணின் கண் சிவப்பாக இருக்கும். பெண் சற்றுப் பெரியது. இறக்கை குட்டையாகவும் வால் நீளமாகவும் இருப்பதால் மரங்களுக்கிடையே வளைந்து பறக்கும். இலை மறைவில் காத்திருந்து திடீரெனப் பாயும்.

கோழிக்குஞ்சு அதற்கு எப்போதாவது கிடைக்கும் இரைதான். ஓணான், சுண்டெலி, அணில், வெட்டுக்கிளி, சிறு குருவிகளே அன்றாட உணவு. பெரிய எலிகளைப் பிடிக்க ஆந்தை இருக்கிறது. பகலில் வல்லூறும் இரவில் ஆந்தையும் தோட்டத்தில் வேலை செய்கின்றன.

மார்ச் முதல் ஜூன் வரை வேம்பு, புளி போன்ற மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டும். பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டையிட்டு, சுமார் 3 வாரம் அடைகாக்கும். குஞ்சுகளுக்கு இரை தேடும் அந்த மாதங்களில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கோழிக்குஞ்சுகளை முதல் ஒன்றரை மாதம் பஞ்சாரத்திலோ, மேலே பழைய மீன்வலை கட்டிய அடைப்பிலோ வளருங்கள். ஒதுங்கிக்கொள்ள அருகில் புதர் அல்லது தாழ்வான பந்தல் இருக்கட்டும்.

எலிக்கு விஷம் வைப்பவர்கள் கவனிக்க: புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் வல்லூறுக்கும் அந்த விஷம் ஏறும். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். முடிந்தவரை கிட்டிப்பொறியைப் பயன்படுத்துங்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். வேலியோர வேம்பை வெட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுத்திருங்கள்.