பட்ஜெட்டில் துண்டு விழுந்தா ஜவ்வாது மலைக்கு ஏன் வலிக்கணும்? ஒரு எளிய விளக்கம்

2021 ஆகஸ்ட் 9. அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், தமிழக அரசின் நிதிநிலை பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு நம்பர்: தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 பொதுக்கடன்.

ஓ.எம்.ஆரில் ஃப்ளாட் வாங்கிய குடும்பத்துக்கும் அதே கணக்குதான். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை விதைக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பத்துக்கும் அதே கணக்குதான். கடனை இப்படிச் சமமாக வகுத்துவிடலாம். ஆனா அரசிடம் காசு இல்லாமப் போகும்போது வரும் வலி சமமாகப் பிரிவதில்லை. ஏன்னு பார்ப்போம்.

முதலில், 'துண்டு' என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, உங்க சம்பளம் 50,000 ரூபாய். வாடகை, மளிகை, இ.எம்.ஐ எல்லாம் சேர்ந்து 60,000 ஆகுது. அந்த 10,000-ஐ கிரெடிட் கார்டில் தேய்க்கிறீங்க. அரசுக்கு இப்படி நடந்தால் அது வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே வருமானம் போதவில்லை என்று அர்த்தம்.

அதோடு வீடு கட்டுவது போன்ற செலவுகளும் உண்டு. அரசுக்கு அது சாலை, பாலம், ஆஸ்பத்திரிக் கட்டடம். இதையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு கடன் தேவைப்படுகிறதோ, ஏறக்குறைய அதுதான் நிதிப் பற்றாக்குறை.

வீடு கட்டக் கடன் வாங்கினால் கடைசியில் வீடாவது மிஞ்சும். மளிகைக்குக் கடன் வாங்கினால் வட்டி மட்டும்தான் மிஞ்சும்.

2020-ல் என்ன ஆச்சு?

கொரோனாவுக்கு முன்பே நிலைமை சரியில்லை. 2013-14 முதலே தமிழகம் வருவாய்ப் பற்றாக்குறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2020 பிப்ரவரி 14 அன்று ஓ.பன்னீர்செல்வம் தாக்கல் செய்த பட்ஜெட்டில், அந்த ஆண்டுக்கான வருவாய்ப் பற்றாக்குறை சுமார் ரூ.21,617 கோடி என்று மதிப்பிடப்பட்டிருந்தது.

அடுத்த மாதமே ஊரடங்கு. கடைகள் மூடியதால் ஜி.எஸ்.டி இல்லை. வண்டிகள் ஓடாததால் பெட்ரோல், டீசல் வரி இல்லை. பத்திரப்பதிவு இல்லை. டாஸ்மாக்கும் இல்லை. மாநிலத்தின் சொந்த வருமானம் வரும் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைபட்டன. அதே சமயம் செலவு ஏறியது. அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய், மருத்துவச் செலவு என்று நீண்டது பட்டியல்.

ஒரு வருடம் கழித்து, 2021 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அந்த ரூ.21,617 கோடி, ரூ.65,994 கோடியாகத் திருத்தப்பட்டது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! பிறகு வந்த வெள்ளை அறிக்கை அதை ரூ.61,320 கோடி என்றது.

கடன் வாங்கிச் சமாளிக்க முடியாதா?

முடியும். ஆனா இஷ்டத்துக்கு முடியாது. மாநில அரசால் நோட்டு அச்சடிக்க முடியாது. ஒன்றிய அரசிடம் கடன் பாக்கி இருக்கும் மாநிலம், புதுக்கடன் வாங்க அதன் சம்மதம் பெற வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 293-வது பிரிவு. வழக்கமான வரம்பு மாநிலப் பொருளாதார உற்பத்தியில் 3%. 2020-21-ல் இது 5% வரை உயர்த்தப்பட்டது. ஆனால் அதில் ஒரு பகுதிக்கு 'ஒரே நாடு ஒரே ரேஷன்', மின்துறைச் சீர்திருத்தம் போன்ற நிபந்தனைகள் இருந்தன.

ஜி.எஸ்.டி இழப்பீடும் கைகொடுக்கவில்லை. வரி வருவாய் ஆண்டுக்கு 14% வளராவிட்டால் ஐந்து வருடங்களுக்கு ஈடுசெய்வோம் என்பது 2017-ல் மாநிலங்களுக்குத் தரப்பட்ட உறுதி. 2020-ல் அதற்கான செஸ் வசூலே போதவில்லை. கடைசியில் ஒன்றிய அரசு ரூ.1.1 லட்சம் கோடி கடன் வாங்கி, அதை மாநிலங்களுக்குக் கடனாகவே கொடுத்தது.

அப்போ கத்தி எங்கே விழும்?

சம்பளம், பென்ஷன், வட்டி இந்த மூன்றையும் நிறுத்த முடியாது. அதனால் சத்தம் கம்மியாக வரும் இடத்தில்தான் வெட்டு விழும். 2020-ல் தமிழகத்தில் நடந்தவை:

• அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வு 2021 ஜூலை வரை முடக்கம்.
• ஓய்வு வயது 58-லிருந்து 59. அடுத்த ஆண்டே 60. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போடலாம். ஆனா டி.என்.பி.எஸ்.சி-க்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காலியாக வேண்டிய இடங்களும் தள்ளிப்போயின.
• அலுவலகச் செலவில் 20% வெட்டு, புதிய பணியிடங்களை உருவாக்கத் தடை.
• எம்.எல்.ஏ தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து தலா ரூ.1 கோடி கொரோனா செலவுக்கு.
• மே மாதத்தில் பெட்ரோல் லிட்டருக்கு ரூ.3.25, டீசல் ரூ.2.50 உயர்வு.

மலையில் இது எப்படித் தெரியும்?

மேலே இருக்கும் லிஸ்ட்டை ஜவ்வாது மலையில் நின்று படித்துப் பாருங்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிய மலை அது. அரிசி, உரம், சிமென்ட் எல்லாம் போளூர் பக்கமிருந்தோ ஆலங்காயம் பக்கமிருந்தோ வண்டியில் ஏறித்தான் வரணும். சாமையும் புளியும் வண்டியில் இறங்கித்தான் சந்தைக்குப் போகணும். டீசல் விலை ஏறினால் வாங்கும்போதும் அடி, விற்கும்போதும் அடி.

நகரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் ஆள் இல்லைன்னா தெருமுனையில் கிளினிக் இருக்கும். பஸ் இல்லைன்னா ஷேர் ஆட்டோ. மலையில் பெரும்பாலும் அரசு ஒன்றுதான் வழி. உண்டு உறைவிடப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை. அங்கே ஒரு பணியிடம் காலியாக இருந்தால் அதற்கு மாற்று கிடையாது.

மந்தநிலை வந்தால் வெளியூர் வேலையும் போய்விடும். கீழே கட்டட வேலை, தோட்ட வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். 2020-21-ல் தமிழகத்தில் ரூ.256 ஆக இருந்த நூறு நாள் வேலைக் கூலிதான் அப்போது பல வீடுகளுக்குப் பிடிமானம். அதாவது, அரசின் கை சுருங்கும் அதே நேரத்தில்தான் மக்களுக்கு அந்தக் கை அதிகம் தேவைப்படுகிறது.

எல்லாத்துக்கும் பணம்தான் காரணமா?

இல்லை. 2023 மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டிய வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, உடலைத் தாயே சுமந்துகொண்டு மலையேறினார். அந்தச் சாலைக்கு வனத்துறை அனுமதியும் தேவைப்பட்டது. 'நிதி இல்லை' என்பது சில நேரம் உண்மையான காரணம். சில நேரம் வசதியான காரணம். ஆனா ஒன்று நிச்சயம்: அனுமதி இன்று கிடைத்தாலும், சாலை போடப் பணம் வேண்டும். அந்தப் பணம் மூலதனச் செலவு என்ற கணக்கிலிருந்துதான் வரணும்.

இப்போ நிலைமை என்ன?

கொரோனா ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை ரூ.96,890 கோடி. அதில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் ரூ.65,994 கோடி. வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய் கடனிலும் 68 ரூபாய் 'மளிகைக்கு'ப் போனது.

2025 மார்ச் 14 அன்று தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை சுமார் ரூ.1,06,963 கோடி, வருவாய்ப் பற்றாக்குறை சுமார் ரூ.41,635 கோடி. அதாவது 100-க்கு 39 ரூபாய். முன்னேற்றம்தான். ஆனா 2026 மார்ச் இறுதியில் மொத்தக் கடன் ரூ.9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்கிறது அதே பட்ஜெட். வருமானத்தில் 100-க்கு சுமார் 21 ரூபாய் வட்டிக்கே போகிறது. அடுத்த மந்தநிலை வந்தால் இந்த 21 ரூபாயில் ஒரு பைசாவையும் குறைக்க முடியாது.

அடுத்த பட்ஜெட் அன்று எதைப் பார்க்கணும்?

மொத்தக் கடன் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீங்க. மூன்று கேள்வி கேளுங்க. வாங்கும் கடனில் எவ்வளவு அன்றாடச் செலவுக்குப் போகிறது? போன வருடம் சொன்ன மூலதனச் செலவைச் செய்து முடித்தார்களா, இல்லை திருத்திய மதிப்பீட்டில் சத்தமில்லாமல் குறைத்துவிட்டார்களா? அப்படிக் குறைத்திருந்தால், எந்த ஊர்ச் சாலை அது?

மூன்றாவது கேள்விக்கான பதில் பட்ஜெட் உரையில் இருக்காது. மலையேறிப் போய்தான் பார்க்கணும்.